பதினெட்டுப் பிள்ளைகளின் எச்சில்

வாடிப்பட்டியில் மினி பஸ் ஏறினால் பன்னிரண்டாவது நிமிஷத்தில் வருகிற ஊர் அது. பெயரைச் சொன்னால் சண்டைக்கு வர நாலு பேர் உண்டு. அதனால் பெயர் வேண்டாம். அந்த ஊர் அங்கன்வாடியின் டீச்சர்தான் முத்துமீனா. வயது முப்பத்தாறு. சர்க்கார் காகிதத்தில் அவள் ‘அங்கன்வாடிப் பணியாளர்’. ஊருக்கு அந்தக் கட்டடம் இன்றைக்கும் பால்வாடி, அவள் பால்வாடி டீச்சர். சம்பளச் சீட்டில் என்ன எழுதியிருந்தால் என்ன, ‘டீச்சர்’ என்று யாராவது கூப்பிட்டால் அவள் திரும்புகிற வேகமே வேறு.

அந்தப் பேர் அவளுக்குச் சும்மா வரவில்லை. பன்னிரண்டாவது முடித்த கையோடு நூல் மில்லுக்குப் போனாள். பதினாறு வருஷம் ஷிப்ட். கல்யாணம் அத்தை மகன் அழகுமலையோடு. அவன் லாரியில் தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு வாரத்துக்கு மூன்று நடை கேரளா போய் வருகிறவன். பிள்ளை இல்லை. அதற்காக இரண்டு பேரும் மூலையில் உட்கார்ந்து அழுதவர்களும் இல்லை. வயது வரம்பு முடிய ஆறு மாசம் இருக்கும்போது அங்கன்வாடி வேலைக்கு எழுதிப் போட்டாள். நேர்காணலில் “பிள்ளை வளர்த்த அனுபவம் இல்லையே” என்று ஒரு அதிகாரி கேட்டதற்கு, “மில்லுல நானூறு பொம்பளைகளை வச்சு மேய்ச்சிருக்கேன் சார், பதினெட்டுப் புள்ள என்ன பெரிசு” என்றாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது சும்மா இல்லை. வேலை கிடைத்தது.

வந்த முதல் மாசமே வேறு சோதனை. முத்துமீனா காலனிக்காரி. காலனிக்கும் ஊருக்கும் நடுவே ஒரு வாய்க்கால்தான். தாண்டினால் நாலு எட்டு. அந்த நாலு எட்டைத் தாண்டி ஒருத்தி டீச்சராக வந்து உட்கார்ந்ததில் ஊருக்கு வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு நமைச்சல். சோறாக்குகிற உதவியாளர் ரெங்கம்மாள் ஊர்க்காரி. ஆகையால் சமையலில் குறை சொல்ல வழியில்லை. “ரெங்கம்மாவே பரிமாறட்டுமே, டீச்சருக்கு எதுக்குச் சிரமம்?” என்று ரொம்பக் கரிசனமாகச் சொல்லிவிட்டார்கள். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான். முத்துமீனா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். இரண்டு மாசம் கழித்து ரெங்கம்மாள் மகள் பிரசவத்துக்கு என்று இருபது நாள் போனாள். ஆக்கினதும் முத்துமீனா, பரிமாறினதும் முத்துமீனா. பிள்ளைகள் வீட்டுக்குப் போய், “டீச்சர் ஆக்குன தக்காளிச் சோறுதான் வேணும்” என்று அடம் பிடித்தன. அதற்கு மேல் தாய்மார்கள் என்ன பேச முடியும்? பேச்சு அடங்கியது.

அந்தப் பதினெட்டில் சித்தார்த் என்று ஒரு பொடியன். இரண்டரை வயசு. ஊர்ப்பக்கத்துச் சோணையம்மாளின் கடைக்குட்டி. அவனுக்குச் சோறு உள்ளே இறங்க வேண்டுமானால் ஒரு நிபந்தனை: அவன் ஒரு வாய் தின்றால் டீச்சர் ஒரு வாய் தின்ன வேண்டும். அவன் தட்டிலிருந்து, அவன் கையால். பாதி கடித்த முட்டையை வாயிலிருந்து எடுத்து, “டீச்சர், ஆ” என்று நீட்டுவான். முத்துமீனாவும் ‘ஆ’ காட்டுவாள். ஒருத்தன் ஊட்டினால் மற்றவை சும்மா இருக்குமா? சாப்பாட்டு நேரத்தில் அவள் வாய்க்குள் பதினெட்டுக் கை போய் வந்தது. மிச்சம் வைத்த சோறும் அவளுக்குத்தான். பிள்ளை எச்சிலை நம் பக்கம் யார் எச்சில் என்று நினைக்கிறார்கள்? பெற்றவள் தின்பாள், சித்தி தின்பாள், பக்கத்து வீட்டுக்காரி தின்பாள். முத்துமீனா பெறவில்லை என்பதால் ஒரு கவளம் கூடுதலாகவே தின்றாள்.

அவளுக்கு உடம்பைப் பற்றி ஒரு கர்வம் இருந்தது. மில்லில் பதினாறு வருஷமும் காய்ச்சல் என்று ஒரு நாள் லீவு போட்டதில்லை. கொரோனா காலத்தில் தெருவே இருமியபோதும் அவள் இருமவில்லை. “காய்ச்சலுக்கு என்னையக் கண்டாத்தான் காய்ச்சல் வரும்” என்று சொல்லித் திரிந்தாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பதை அவளிடம் யார் போய்ச் சொல்வது!

போன மாசி மாசத்தில் சறுக்கியது. முதலில் காய்ச்சல், உடம்பு வலி. மூன்றாம் நாள் ரெங்கம்மாள் அவள் கையைத் தொட்டுப் பார்த்து, “அடுப்பு மாதிரி கொதிக்குது, நீங்க வீட்டுக்குப் போங்க டீச்சரம்மா” என்று துரத்திவிட்டாள். வாடிப்பட்டி டாக்டர் ஒருவர் பார்த்தார். “வைரஸ் காய்ச்சல். அஞ்சு நாள்ல போயிரும்” என்றார். அவர் சொன்னதில் பாதி சரி. வைரஸ்தான். அஞ்சு நாள் என்பதுதான் தப்பு.

ஏழாம் நாள் வறட்டு இருமல் சேர்ந்தது. பத்தாம் நாள் அடுப்படியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் மூச்சு வாங்கியது. ஒரு வாக்கியத்தை இரண்டாக உடைத்துப் பேசினாள். பேச்சே உயிராக இருக்கிற பெண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும்! அழகுமலை லோடை வேறொருவனிடம் ஒப்படைத்துவிட்டு அவளை மதுரைக்குக் கூட்டிப் போனான். பெரிய ஆஸ்பத்திரி. விரலில் மாட்டிய கருவி எண்பத்தாறு என்று காட்டியது. தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டுமாம். எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தன.

ஆளுக்கு ஒரு வைத்தியர் ஆனார்கள். மில் பஞ்சு நெஞ்சில் அடைத்துவிட்டது என்றான் அழகுமலை. இது டிபிதான் என்றார் பக்கத்துக் கட்டில்காரியின் புருஷன். போனில் ரெங்கம்மாள் கண்ணேறு என்றாள். சளியில் டிபி இல்லை. டெங்கு இல்லை, கொரோனா இல்லை. கொடுத்த மருந்தெல்லாம் உள்ளே போயிற்று, காய்ச்சல் மட்டும் அசையவில்லை. மூக்கில் ஆக்சிஜன் குழாய் வந்தது, பிறகு முகத்தில் மாஸ்க் வந்தது.

அன்றைக்கு அவள் பயந்தாள். சொல்லிவிடலாம், அதில் வெட்கம் என்ன? பயந்தாள். சொந்த மூச்சைத் தானே எண்ணிக்கொண்டு கிடந்தாள். மறுநாள் காலையில் நர்ஸ் ஊசி குத்த இடம் தேடும்போது, “இடது கைய விட்டுருங்க சிஸ்டர், புள்ளைகளத் தூக்குற கை” என்றாள். நர்ஸ் வலது கைக்கு மாறினாள்.

நுரையீரல் டாக்டர் ஐரின் என்று ஒரு அம்மா. குள்ளமான உருவம், கறாரான குரல். எச்ஐவி பரிசோதனை எடுக்கலாமா என்று அவர்தான் கேட்டார். காரணத்தையும் மறைக்கவில்லை. “உங்க எக்ஸ்ரே இருக்கிற இருப்புக்குச் சில அபூர்வமான கிருமியையும் தேடணும்மா. அதெல்லாம் பெரும்பாலும் எதிர்ப்புச் சக்தி குறைஞ்சவங்களுக்கு வர்றது. அதனால இதையும் பார்த்துடறது நல்லது. உங்க சம்மதம் இல்லாம எடுக்க மாட்டோம்.”

லாரிக்காரன் பெண்டாட்டி என்றால் அந்தக் கேள்விக்கு இன்னொரு வாசனை உண்டு. அது அழகுமலைக்கும் தெரியும். அவன் முகம் இறுகியது. முத்துமீனா மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கி, “எடுங்க டாக்டரம்மா. எடுத்தாத்தான தெரியும்” என்றாள்.

அன்று மத்தியானமே முடிவு வந்தது. இல்லை. அழகுமலை வராந்தாவிலிருந்து உள்ளே வந்து அவள் காலடியில் உட்கார்ந்தான்.

“எனக்கு ஒண்ணும் பயமில்ல. இல்லன்னு எனக்குத் தெரியும்” என்றான்.

“பயமில்லாமத்தான் மூணு பாட்டில் தண்ணியக் குடிச்சீகளாக்கும், மச்சான்?” என்றாள் அவள், மூச்சு வாங்க வாங்க. நம்பினாளா என்று கேட்காதீர்கள். நம்பினதால்தான் கிண்டல் வந்தது.

அப்புறம் தொண்டை வழியாகக் குழாய் விட்டு நுரையீரலைக் கழுவி அந்தத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினார்கள். கிருமி சிக்கியது. சைட்டோமெகலோவைரஸ். “பேரு இம்புட்டு நீளமா இருக்கே” என்றாள் முத்துமீனா. ஆனாலும் இரண்டு நாளில் தடங்கல் இல்லாமல் சொல்லப் பழகிவிட்டாள். டீச்சர் அல்லவா!

ஐரின் டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விசாரித்தார்.

“வீட்ல சின்னக் குழந்தை உண்டா?”

“வீட்ல இல்ல. பால்வாடில பதினெட்டு உண்டு டாக்டரம்மா.”

“அவங்க எச்சில் உங்க வாய்க்குப் போகுமா?”

முத்துமீனா சிரித்துவிட்டாள். சிரிப்பு இருமலாகி அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. முட்டைக் கதை முழுவதையும் சொன்னாள்.

டாக்டர் விளக்கினார். இந்தக் கிருமி சின்னப் பிள்ளைகளின் எச்சிலிலும் மூத்திரத்திலும் மாசக் கணக்கில் இருக்கும். பிள்ளைக்கு ஒன்றும் செய்யாது. ஓடி ஆடித் திரியும். நம் ஊரில் பத்தில் ஒன்பது பேருக்குச் சிறு வயதிலேயே இது வந்திருக்கும். வந்ததே தெரிந்திருக்காது, அப்படியே உடம்பில் தூங்கிப் போகும். பெரியவர்களான பிறகு முதல் தடவையாக வந்தாலும் முக்கால்வாசிப் பேருக்குச் சின்னக் காய்ச்சலோடு சரி. நல்ல உடம்பில் நுரையீரல் வரைக்கும் இறங்குவது அத்தி பூத்தாற்போல. மாசமாக இருக்கிறவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும், வயிற்றுப் பிள்ளையைத் தொடலாம்.

“மருந்து இருக்கு. உங்களுக்குச் சரியாயிரும்” என்று எழுந்தவர், நின்று கேட்டார். “ஒண்ணுதான் எனக்கு ஆச்சரியம். இந்த ஊர்ல பொறந்து வளர்ந்து இத்தனை வருஷம் இது உங்களைத் தொடாம எப்படி விட்டுச்சு?”

“தெரியல டாக்டரம்மா” என்றாள்.

அவர் போன பிறகு யோசித்தாள். வீட்டுக்கு ஒரே பிள்ளை அவள். அப்போது காலனியில் இருந்ததே ஐந்து வீடு. அவள் வயதுப் பிள்ளை வேறில்லை. நாலு வயசில் இதே ஊர்ப் பால்வாடிக்குத்தான் வந்தாள். அன்றைய ஆயா அவளை வாசற்படியில் உட்கார வைப்பாள். அவள் தட்டைத் தனியாகக் கழுவித் தனியாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். உள்ளே மற்றப் பிள்ளைகள் ஒன்றின் வாயில் இருந்ததை ஒன்று பிடுங்கித் தின்றுகொண்டிருக்கும். அவள் வாயில் இருந்ததை யாரும் பிடுங்கியதில்லை. அவளுக்கும் யாரும் கொடுத்ததில்லை. அதுதான் காரணம் என்று விஞ்ஞானம் ஒத்துக்கொள்ளுமோ என்னவோ, அவளுக்குச் சந்தேகமே இல்லை. முப்பத்திரண்டு வருஷம் கழித்து அவள் வாய்க்கு நேராக ஒரு ஊர்ப் பிள்ளையின் கை நீண்டது, அவளும் வாயைத் திறந்தாள். வந்துவிட்டது. இதில் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

மருந்து கேட்டது. தினமும் இரண்டு வேளை ஊசி, இரண்டு வாரம். ஒன்பதாம் நாள் ஆக்சிஜனைக் கழற்றினார்கள். பத்தாம் நாள் வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து காட்டினாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அழகுமலை பெருமூச்சு விட்டான். போகவில்லை. அது ஊரில் காத்திருந்தது.

ரெங்கம்மாள் நல்லவள். ஆனால் வாய்க்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவளிடம் அழகுமலை, மனசு கேளாமல், இன்ன பரிசோதனையெல்லாம் எடுத்தார்கள் என்று சொல்லிவிட்டான். இல்லை என்று வந்ததையும் சொன்னான். ரெங்கம்மாள் மினி பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவளிடம் முதல் பாதியைச் சொன்னபோது டிரைவர் ஹாரன் அடித்தாரோ, இறங்கும் இடம் வந்துவிட்டதோ, இரண்டாம் பாதி போய்ச் சேரவில்லை. பஸ் வேப்பமரத்து ஸ்டாப்புக்கு வருவதற்குள் பரிசோதனை நோயாகிவிட்டது. லாரி, கேரளா, பிள்ளையில்லாத வீடு என்று அதற்கு வேண்டிய கைகால்களை ஊரே ஒட்டிக் கொடுத்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மூன்று வார ஓய்வு முடிந்து, ஊசிக்குப் பிறகு கொடுத்த மாத்திரையும் முடிந்து, முத்துமீனா திங்கட்கிழமை மையத்தைத் திறந்தபோது நாலு பிள்ளைகள் வந்தன. நாலும் காலனிப் பிள்ளைகள். முட்டை நாள் அது. பதினான்கு முட்டை பாத்திரத்திலேயே கிடந்தது. ரெங்கம்மாள் முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டு, “என் வாயிலதான் புண்ணு வரணும் டீச்சரம்மா” என்று அழுதாள். முத்துமீனாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனாலும் அவள், “முட்டைய உரிங்கக்கா, ஆளுக்கு ரெண்டா குடுப்போம்” என்றுதான் சொன்னாள்.

மறுநாள் மேற்பார்வையாளர் போன் செய்தார். “ஊர்ல மனு குடுத்திருக்காங்க முத்துமீனா. நாளைக்கு, புதன்கிழமை, தாய்மார் கூட்டம். அவங்க ஒத்துக்கிட்டா இருங்க. இல்லன்னா சோழவந்தான் பக்கம் ஒரு மையம் காலியா இருக்கு, மாத்திடறேன். வேலைக்கு ஆபத்தில்ல. நெகட்டிவ் ரிப்போர்ட் இருக்கில்ல, அதைக் காட்டிருங்க, முடிஞ்சது.”

வேலைக்கு ஆபத்தில்லைதான். ஆனால் இந்தப் பதினெட்டு? இந்தக் கட்டடம்? சோழவந்தானில் போய் இன்னொரு தடவை ‘ரெங்கம்மாவே பரிமாறட்டும்’ என்பதிலிருந்து ஆரம்பிப்பதா? இங்கிருந்து ஒரு அடி நகர்ந்தாலும் சொன்னதெல்லாம் உண்மை என்று ஆகிவிடும். போகப் போவதில்லை என்று தீர்மானித்தாள்.

அழகுமலை இன்னும் ஒரு படி மேலே போனான். “இருவது ஜெராக்ஸ் எடுத்து லைட் கம்பத்துக்கு ஒண்ணா ஒட்டிருவோம்.”

“ஒட்ட வேணாம், காட்டவும் வேணாம்” என்றாள் அவள். “என் ரத்தத்த ஊரு எதுக்குப் படிக்கணும்? நாளைக்கு நெசமாவே அந்த நோய் உள்ள ஒருத்தி புள்ளையத் தூக்கிட்டு வருவா. அவகிட்டயும் ரிப்போர்ட்டக் கொண்டாம்பாக. அந்த வழிய நான் தொறந்துவிட மாட்டேன்.”

“அப்ப என்னத்தச் சொல்லப் போற?”

“நடந்ததச் சொல்றேன். மடியில கனமிருந்தாத்தான மச்சான் வழியில பயம்?”

புதன்கிழமை பதினோரு மணிக்கு மையத்தில் பாய் விரித்திருந்தது. இருபத்திரண்டு பெண்கள். நடுவில் நாற்காலியில் மேற்பார்வையாளர், மடியில் நோட்டு. முன்வரிசையில் சோணையம்மாள். அவள் முத்துமீனாவின் வயதுக்காரி, உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டவள். ஊரே டீச்சர் என்றாலும் அவள் மட்டும் ‘மீனா’ என்றுதான் கூப்பிடுவாள். அவள் பக்கத்தில் அவளுடைய கொழுந்தன் பெண்டாட்டி பவதாரிணி, நாலு மாசக் கர்ப்பிணி. சித்தார்த் பவதாரிணியின் மடியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தான். டீச்சரைக் கண்டதும் தாவிவரப் பார்த்தான். சோணையம்மாள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். அந்த இழுப்பு முத்துமீனாவுக்குச் சுருக்கென்று தைத்தது.

சோணையம்மாள்தான் ஆரம்பித்தாள். “எங்களுக்கு யார் மேலயும் விரோதம் இல்ல மேடம். எங்க வீட்ல மாசமா ஒருத்தி இருக்கா. நோய் இருக்கிற கையில புள்ள சோறு தின்னா வீட்டுக்கு வராதா? ஏதோ ஒண்ணு இல்லாமயா அந்தப் பரிசோதனை எடுப்பாக?”

“நீங்க பேசுங்க முத்துமீனா” என்றார் மேற்பார்வையாளர்.

அவள் எழுந்து நின்றாள். மூச்சு சீராக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். இருந்தது.

“மொதல்ல ஒண்ணு. நீங்க பேசிக்கிற அந்த நோய் எனக்கு இருக்கா இல்லையாங்கிறத நான் சொல்லப் போறதில்ல. இருந்தாலும் அது சோத்துல ஒட்டாது, கையில ஒட்டாது. மூணு தடவ இதே பாயில உக்கார வச்சு உங்களுக்கு நான் படிச்சுக் காட்டிருக்கேன். நீங்க கொட்டாவி விட்டிருப்பீக. ரெண்டாவது, எனக்கு வந்தது வேற. அதுக்குப் பேரு சைட்டோமெகலோவைரஸ்.”

பேரின் நீளத்துக்கே கூட்டம் கொஞ்சம் நிமிர்ந்தது. அவள் விடாமல் தொடர்ந்தாள். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற நிதானத்தோடு சொன்னாள். அது பிள்ளைகளின் எச்சிலில் இருந்து தனக்கு வந்தது, தன்னிடமிருந்து பிள்ளைகளுக்குப் போனது அல்ல. பிள்ளைகளுக்கு அதனால் கெடுதல் இல்லை, அவர்களை ஒதுக்கவும் தேவையில்லை.

“பவதாரிணி, நீ மட்டும் கவனமாக் கேளு. புள்ள எச்சியத் தொடச்சாலும், மூத்திரத் துணிய மாத்துனாலும் சோப்புப் போட்டுக் கைய நல்லாக் கழுவு. அவன் தட்டுல மிச்சத்தத் திங்காத, அவன் கரண்டிய உன் வாயில வைக்காத. தூக்கலாம், கொஞ்சலாம், வாயில மட்டும் முத்தம் வேணாம். அடுத்த தடவ செக்கப்புக்குப் போறப்ப டாக்டர்கிட்ட இதக் கேளு. முக்காவாசி உனக்குச் சின்னதுலயே வந்து போயிருக்கும். பயப்படாத.”

பவதாரிணி தலையாட்டினாள். அவள் கை தன்னாலே வயிற்றுக்குப் போனது.

பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள். “எந்தப் புள்ளகிட்ட இருந்து வந்துச்சு டீச்சர்?”

கேள்வி விழுந்ததும் எல்லாத் தாய்மார்களும் அவரவர் பிள்ளையைப் பார்த்தார்கள். சோணையம்மாள் யாரையும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். டீச்சருக்கு ஊட்டுகிறவன் யார் என்று அவளுக்குத் தெரியும். தினமும் வீட்டுக்கு வந்து அவனே பீற்றிக்கொள்வான். இங்கே அவன் பேர் விழுந்தால் நாளையிலிருந்து அவன் பக்கத்தில் எந்தப் பிள்ளை உட்காரும்?

“பதினெட்டுந்தான்” என்றாள் முத்துமீனா. “எது எதுன்னு நான் பிரிச்சுத் திங்கல. எல்லாம் ஊட்டுச்சு, எல்லாத்தையும் தின்னேன்.”

சோணையம்மாள் நிமிர்ந்தாள். அவள் முகத்தில் நிம்மதி வந்தது. ஆனாலும் ஆரம்பித்த வழக்கை அப்படியே விட மனசில்லை. “எல்லாருக்கும் சின்னப் புள்ளையிலயே வந்து போயிரும்ங்கிற. நாங்கல்லாம் நல்லாத்தான இருக்கோம்? உனக்கு மட்டும் ஏன் மீனா அப்ப வரல?”

இந்தக் கேள்வி வரும் என்று முத்துமீனா எதிர்பார்க்கவில்லை. பழங்கதையைக் கிளறுவதில்லை என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே நினைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். ஆனால் கேட்டது சோணையம்மாள். வேறு யாரும் கேட்டிருந்தால் தெரியவில்லை என்று சொல்லியிருப்பாள்.

“இதே பால்வாடிக்கு நீயும் வந்த, நானும் வந்தேன். ஒரே வருஷம்” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “நீ உள்ள எல்லார்கூடயும் உக்காந்து தின்ன. நான் எங்கிட்டு உக்காந்தேன்? நீயே சொல்லு சோணை.”

மேற்பார்வையாளர் நோட்டில் எழுதுவதை நிறுத்தினார். பாயில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் காலம் தெரியும்.

“வாசப்படியில” என்றாள் சோணையம்மாள். கிட்டத்தில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் கேட்டது.

“அதான் அப்ப வரல.”

ஆட்சேபம் உள்ளவர்கள் கை தூக்கலாம் என்று மேற்பார்வையாளர் இரண்டு தடவை சொன்னார். ஒரு கையும் எழவில்லை. பணியாளர் இதே மையத்தில் தொடரலாம் என்று எழுதி நோட்டை நீட்டினார். முதலில் வாங்கியது பவதாரிணி. அவள் கையெழுத்துப் போட்டுச் சோணையம்மாளிடம் கொடுத்தாள். சோணையம்மாள் பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்தபடி இருந்து, பிறகு போட்டாள். முத்துமீனாவின் நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனைக் கழற்றின அன்றுகூட மூச்சு இவ்வளவு லேசாக உள்ளே போகவில்லை.

பெண்கள் கலைந்தார்கள். சித்தார்த்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சோணையம்மாள் எல்லாரும் போகும் வரைக்கும் நின்றாள். பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த முத்துமீனாவின் பக்கத்தில் வந்தாள்.

“அப்ப நான் சின்னப் புள்ள, மீனா” என்றாள்.

முத்துமீனா சுருட்டிய பாயை நிமிர்த்தி வைத்தாள்.

“நானுந்தான் சோணை.”